கொரோபுனாவில் பெயர் சொல்வதில்லை

கொரோபுனா மலையில் பனி தொடங்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விராக்கோ ஊர் வழிகாட்டி ஒவ்வொருவனும் கயிறு கட்டப் பழகுவதற்கு முன்பே பழகவேண்டிய பாடம் இது. செத்துப்போன அத்தனை பேரும் போய்ச் சேருகிற மலை அது. ஆற்றைத் தாண்ட ஒரு கறுப்பு நாய் துணைக்கு வரும், மேலே சான் பிரான்சிஸ்கோ சாமி கதவைத் திறந்துவிடுவார், அதன்பிறகு அங்கேயேதான் குடித்தனம். குடித்தனம் என்று ஆனபின் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா? மேகம் இறங்கும் நேரமாகப் பார்த்து, மலைமேல் நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் அவனுக்கு வேண்டியவர்களின் குரலில். வேண்டாதவன் குரலுக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'என்ன' என்று ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், அவன் கதை முடிந்தது.

அதற்காகத்தான் ஆளுக்கொரு விசில். ஒருமுறை ஊதினால் 'எங்கே இருக்கே', இரண்டு முறை ஊதினால் 'இங்கேதான் இருக்கேன்'. செத்தவர்களிடம் குரல் இருக்கலாம், மூச்சு இருக்காது, ஆகவே விசில் ஊத முடியாது என்பது கணக்கு. வெளிநாட்டுக்காரர்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். காற்றில் குரல் கேட்காது, விசில்தான் கேட்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதுவும் பொய்யில்லைதான்.

அப்தோனுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு பெரிய தண்டனை. வீட்டில் இருக்கும்போது தம்பி பெயரைச் சொல்லாமல் அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காது. "எலா, அந்தக் கயித்தை எங்க வச்சே? எலா, கழுதைக்குப் புல்லு போட்டியா? எலா, மேகம் கூடுது பாத்தியா?" தம்பியின் முழுப் பெயர் எலாதியோ. மேகத்தைப் பார்க்கக்கூடவா ஒருவனுக்குத் தம்பி துணை வேண்டும் என்று அப்தோனின் மனைவி பிரிமித்திவா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு எலாதியோவுக்கு எல்லாமே அண்ணன்தான். பிரிமித்திவா கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கிடைத்த சொத்து ஒரு வீடு, இரண்டு கழுதை, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு கொழுந்தன். அந்த மூக்கைச் சிந்திவிட்டவள் அவள். பெரியவனானதும் அண்ணன் அவனை அரேகிப்பா நகரத்துக்கு அனுப்பி மலையேற்றப் பயிற்சியும் நாலு வார்த்தை இங்கிலீஷும் கற்கவைத்தான். அதன்பிறகு வருகிறவர்களிடம் பேசுவது தம்பி வேலை, சுமப்பதும் சிரிப்பதும் அண்ணன் வேலை என்று ஆகிவிட்டது.

அந்த ஆகஸ்டில் வந்தவள் அலென்கா. ஸ்லோவேனியாக்காரி, பள்ளிக்கூட டீச்சர், ஐம்பதைத் தாண்டியவள், தனி ஆளாக வந்திருந்தாள். கிளம்புகிற காலையில் கழுதைமேல் மூட்டையை இறுக்கிக்கொண்டே பிரிமித்திவா வம்புக்கு இழுத்தாள்.

"ஏ கொழுந்தா, இந்தம்மாவைச் சட்டுனு கூட்டிட்டு வந்துரு. உங்கண்ணனை மட்டும் அங்கயே ஒரு மாசம் விட்டுட்டு வா. அந்த மனுசன் வாயை மூடுறதுக்கு அந்த மலையை விட்டா வேற எடம் கெடையாது."

"ஒரு மாசமா? மூணாம் நாளே வாசல்ல நின்னு வழி பாப்பீங்க மதினி."

"யாரு, நானா? காலை நீட்டிப் படுத்துத் தூங்குவேன்."

"கொறட்டைச் சத்தம் இல்லாம உனக்கு எங்கடி தூக்கம் வரும், பிரிமி?" என்றான் அப்தோன்.

"பேரு சொல்லிக் கூப்பிடுறாரு பாரு! ஏதோ காரியம் ஆகணும் போல."

"அந்தக் கம்பளி சாக்ஸைத் தச்சு வச்சியா?"

"அதானே பாத்தேன்" என்று சாக்ஸைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தாள். அலென்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அவர்களின் மகள் சின்னப்பெண் சுலேமா, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் அவன் பாதத்தின்மேல் நின்றபடியே போனாள்.

ஏறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அலென்கா மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் பிடிவாதக்காரி, ஒரு இடத்திலும் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை. உச்சியில் அவள் உட்கார்ந்து அழுதாள். அப்தோன் மலைக்கு மூன்று கோகா இலையும் கொஞ்சம் சாராயமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பாஷை தெரியாத குறைக்கு அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

இறங்கும்போது அண்ணன் கடைசியில் வருவது வழக்கம். ஏறும்போது வழி தவறாமல் இருக்க, சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சிகளைப் பனியில் நட்டுக்கொண்டே போவார்கள். அந்த உயரத்து ஊர்களில் மூங்கில் ஏது? எங்கோ கீழே காட்டுப்பக்கத்திலிருந்து வரவேண்டும். அதனால் இறங்கும்போது ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அங்கும் இங்கும் போகவேண்டிய வேலை என்பதால் அப்தோன் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிடுவான். பனிப்பிளவுகள் இருக்கிற இடத்தில் கயிறில்லாமல் தனியாக நடப்பது தப்பு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எலாதியோ அதை ஒருமுறை சொல்லியும் பார்த்தான். "இது நம்ம வீட்டுக் கொல்லைடா" என்று அண்ணன் முடித்துவிட்டான்.

எலாதியோவும் அலென்காவும் பனியைத் தாண்டிக் கறுப்புப் பாறைகளை எட்டிய நேரத்தில் மேகம் இறங்கியது. கைநீட்டினால் விரல் தெரியாத மேகம். அண்ணன் வரட்டும் என்று இருவரும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது.

"எலா...!"

எலாதியோ எத்தனையோ தடவை ஏறியிருக்கிறான், இதுவரை அவனை யாரும் கூப்பிட்டதில்லை. விசிலை வாயில் வைத்து ஒருமுறை ஊதினான். அண்ணன் உயிரோடு அங்கே இருந்தால் இரண்டு ஊதல் திரும்பி வரவேண்டும்.

வரவில்லை. அதற்குப் பதிலாக மறுபடியும், "எலா...!"

அண்ணன் குரலேதான். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அலென்கா எழுந்துவிட்டாள்.

"யாரோ கூப்பிடுறாங்க. அப்தோன்தானே?"

"காத்து."

"காத்து இல்ல. உங்க பேரு கேக்குது."

"மேகம் எறங்குனா இந்த மலையில அப்படித்தான் கேக்கும். நீங்க உக்காருங்க. எங்கண்ணனா இருந்தா விசில் அடிப்பாரு."

எலாதியோ கோழை இல்லை. இதைச் சொல்லாமல் கதையைத் தொடர்ந்தால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். பதில் சொன்னால் தான் போய்விடுவோம், தான் போனால் இந்தப் பெண்பிள்ளை மேகத்துக்குள் தனியாகக் கிடந்து சாவாள் என்றுதான் அவன் நினைத்தான். அண்ணன் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருப்பான், அவனையும் இந்தக் குரல் ஏமாற்றிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டான். விட்டு விட்டு விசிலை ஊதினான். ஒவ்வொரு ஊதலுக்கும் உடனே அந்தக் குரல் வந்தது. "எலா! டேய், எலா!" ஒருமுறை அதட்டலாக வந்தது, ஒருமுறை கெஞ்சலாக வந்தது. தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, வாய் நிறையக் கோகா இலையை அடக்கிக்கொண்டு, ஊதினான். விசில் சத்தம் கேட்கக் கேட்கத்தான் மேலே இருந்தவன் தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையில் தொண்டை கிழியக் கத்தியிருப்பான் என்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதை நினைக்காமல் ஒரு நாள்கூட அவனால் இருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அலென்கா குளிரில் தலைக்குல்லாவை இறுக்கிக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். தொலைந்தது பீடை என்று எலாதியோ தொப்பியைத் தூக்கிவிட்டான்.

அப்போது இன்னொரு தடவை கேட்டது. கத்தலாக இல்லை. அடுத்த அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"பிரிமி."

அலென்கா காதில் அது விழவில்லை. எலாதியோவுக்கு நன்றாகவே விழுந்தது. செத்தவர்கள் கூப்பிடுவது கூட்டிக்கொண்டு போக. இந்த மலைமேல் கூட்டிக்கொண்டு போகப் பிரிமி என்று யாரும் இல்லை. அவள் கீழே வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அவள் பெயரை இங்கே நின்று சொல்கிறவன், வீட்டுக்குப் போகவேண்டும் என்று தவிக்கிற ஒருவனாகத்தான் இருக்க முடியும்.

அலென்காவை ஒரு துண்டுக் கயிற்றால் பாறையோடு சேர்த்துக் கட்டி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினான். "அண்ணே! அப்தோன்! இங்கதாண்ணே இருக்கேன், வந்துட்டேண்ணே!" கட்டுப்பாடாவது ஒன்றாவது, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். இப்போது மலைதான் பதில் சொல்லவில்லை. ஏறி வந்த தடத்தின் பக்கத்திலேயே மூங்கில் குச்சிகள் சிதறிக் கிடந்தன. நடுவில் பனி உள்வாங்கி ஒரு ஓட்டை.

பனிக்கோடரியை அறைந்து அதில் கயிற்றைக் கட்டி உள்ளே இறங்கினான். அப்தோன் இரண்டு பனிச்சுவர்களுக்கு நடுவே நெஞ்சு நெரிபட்டு மாட்டியிருந்தான். முகம் மேலே பார்த்தபடி இருந்தது. கையில் விசிலைப் பிடித்திருந்தான். விழுந்தபோது அதற்குள் பனி புகுந்து அடைத்து, ஊத ஊத மூச்சின் ஈரம் சேர்ந்து கல்லாகியிருந்தது. எலாதியோ அண்ணனின் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

மறுநாள் ஊர் ஆட்கள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கிடத்தியிருந்தபோது அலென்கா, பிரிமித்திவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த துண்டு ஸ்பானிஷில், "கூப்பிட்டார், கூப்பிட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். பிரிமித்திவா கொழுந்தனைப் பார்த்தாள். எலாதியோ எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"என்னைத்தான் கூப்பிட்டாரு மதினி. பல தடவை கூப்பிட்டாரு. விசில் வரல. செத்தவங்கன்னு நெனச்சுப் பதில் சொல்லாம இருந்துட்டேன்."

யாராவது தன்னைச் செருப்பால் அடிப்பார்கள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். ஒருவரும் அடிக்கவில்லை. ஊரிலேயே மூத்த வழிகாட்டியான தெயோஃபிலோ முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"நீ செஞ்சதுதான் சரிடா. விசில் இல்லாத கொரலுக்கு எவன் பதில் சொல்லுவான்? நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அந்தம்மாவைக் காப்பாத்திக் கொண்டு வந்தியே, அது போதும்."

ஊரே அதை ஆமோதித்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தச் சமாதானத்தை அவனால் தாங்க முடியவில்லை. கடைசியாகக் கேட்ட பெயரை மட்டும் அவன் அங்கே சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவே சொல்கிற விஷயமா அது? அது மதினிக்குச் சேரவேண்டியது, தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அப்தோனுக்குப் புதுச் செருப்பு மாட்டி அடக்கம் செய்தார்கள். அவன் நடக்கவேண்டிய வழி நெடுவழி. அத்தனை பாடுபட்டு எந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்களோ, அதே மலைக்குத்தான் திரும்ப ஏறவேண்டும்.

ஐந்தாம் நாள் செத்தவரின் துணிமணிகளை ஆற்றில் அலசுவது முறை. சொந்தக்காரப் பெண்கள் மேல்துறையில் சட்டைகளை வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பளிகள் கனமானவை என்பதால் பிரிமித்திவாவும் எலாதியோவும் அவற்றை எடுத்துக்கொண்டு கீழ்த்துறைக்கு வந்திருந்தார்கள். சுலேமா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் எலாதியோ வந்திருந்தான். வழியெல்லாம் அந்தப் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"கொழுந்தா."

"சொல்லுங்க மதினி."

"உன்னைக் கூப்பிட்டாரு, சரி. என்னைக் கூப்பிட்டாரா?"

அவன் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கூப்பிட்டிருந்தா பதில் சொல்லணும்ல? அந்த மனுசன் கத்திக் கத்திச் செத்திருக்காரு. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. என் பேரைச் சொல்லியிருந்தாருன்னா, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மலையைப் பாத்து நின்னு, 'இந்தா வந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிருவேன். பதில் கேட்டாத்தான் அவரு நிம்மதியா நடப்பாரு."

"மதினி, அப்படிச் சொன்னவங்க..."

"எர்மெலிந்தா கதையைத்தானே சொல்லப்போறே? எனக்கும் தெரியும்."

ஊரில் அதைத் தெரியாதவர்கள் யார்? சுரங்கத்தில் செத்த புருஷன் தொழுவத்துப் பக்கமிருந்து கூப்பிட, பழக்கதோஷத்தில் 'வரேன்' என்று சொல்லிவிட்டாள் எர்மெலிந்தா. நல்ல திடகாத்திரமான பெண். அந்த வருஷத்து உருளைக்கிழங்கைத் தோண்ட அவள் உயிரோடு இல்லை.

"தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றாள் பிரிமித்திவா. "சுலேமாவுக்குச் சித்தப்பா நீ இருக்கே. நீ பாத்துக்குவே. கூப்பிட்டாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

அவள் வெறுமனே பேசவில்லை. சொன்னால் செய்கிற பெண்பிள்ளை.

ஐந்து நாளும் எலாதியோ அந்த நம்பிக்கையைப் பொய், பொய் என்று மனத்துக்குள் காறித் துப்பிக்கொண்டுதான் இருந்தான். பொய் என்றால், ஒரு பொய்க்காக அண்ணனைச் சாகவிட்டவன் அவன். மெய் என்றால், இப்போது வாயைத் திறந்து மதினியையும் அனுப்பிவைக்கப்போகிறவன் அவன். இரண்டில் எது என்று சொல்ல அந்த ஆற்றங்கரையில் யாரும் இல்லை. அண்ணன் உயிரை வைத்து ஒருமுறை தப்பாகத் தீர்மானித்தாயிற்று. மதினி உயிரை வைத்து இன்னொரு முறை தீர்மானிக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்த சுலேமாவைப் பார்த்தான்.

"இல்ல மதினி."

"ஒரு தடவைகூடவா?"

"என் பேரை மட்டுந்தான்."

பிரிமித்திவா தலையை ஆட்டினாள். புருஷனின் ஸ்வெட்டரை எடுத்துக் கல்லில் அடித்தாள். அழுக்குப் போனபிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டு, சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தாள்.

"பாரேன். சாக்ஸு வேணும்னா பிரிமி. சோறு வேணும்னா பிரிமி. சாகப்போறப்ப மட்டும் நான் ஞாபகத்துக்கே வரல."

அவன் வாய்வரை வந்துவிட்டது. உங்க பேருதான் மதினி, உங்க பேருதான் கடைசி வார்த்தை. பல்லைக் கடித்து விழுங்கினான். மலையில் வாயை மூடிக்கொண்டு அண்ணனின் உயிரைப் போகவிட்டான். இங்கே வாயை மூடிக்கொண்டு, அண்ணன் பெண்டாட்டிக்கு விட்டுப்போன ஒரே ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டான்.  தண்ணீரில் நின்றபடியே விம்மி விம்மி அழுதான்.

அவன் அழுவதைப் பார்த்ததும் அவள் தன் அழுகையைத் துடைத்துக்கொண்டாள். முந்தி எத்தனையோ முறை மூக்கைச் சிந்திவிட்டவள்தானே. பக்கத்தில் வந்து ஈரக்கையால் அவன் தலையைத் தடவினாள்.

"அழாத சாமி. உன் மேலதான் அவருக்கு உசிரு. இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே எனக்கு அது தெரியும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

வருத்தமில்லை என்று சொன்னவளின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் தண்ணீரில் கிடந்த பெரிய கம்பளியை இழுத்து, ஒரு முனையை அவன் கையில் திணித்தாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் நல்லா முறுக்கு, கொழுந்தா" என்றாள். "உங்கண்ணனுக்கு ஈரம் ஆகாது."